ஒரே டப்பா, இரண்டு விடை

பலூன் விடுகிற நாளில் அந்த வீட்டில் யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஆறு மணிக்கே மூன்று பேரும் குளித்து முடித்து, அந்தச் சின்னச் சமையலறையில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அடுப்பில் முட்டை வெந்தது. இன்னொன்றில் ஃபிளாஸ்க்குக்கான தேநீர் கொதித்தது. ஜன்னலைத் திறந்துவைத்து வெளியே மரக்கிளை ஆடுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் நாத்தனார்.

"கிளையே அசையலை அண்ணி. நல்ல சகுனம்."

"கீழ அசையலைன்னா மேல அசையாதுன்னு எந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கு? நீ படிச்ச படிப்பு என்ன, பேசுற பேச்சு என்ன?"

"படிப்பெல்லாம் ஒம்பது மணிக்கு மேல. இப்ப நான் சாதாரண மனுஷி. சகுனம் பார்ப்பேன், நகம் கடிப்பேன், எதுவும் பண்ணுவேன்."

அண்ணியின் புருஷன், வேன்காரர், இருவருக்கும் நடுவில் கரண்டியை நுழைத்து இரண்டு முட்டைகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்தது. ஒரு நொடி கழித்துத்தான் நெஞ்சில் சூடு ஏறியது. அவர் குதித்த குதியில் தங்கைக்கு மூச்சு முட்டச் சிரிப்பு வந்தது, மனைவிக்குத் தேநீர் சிந்தியது.

"இந்தா பாரு, காலங்காத்தால புருஷனை வேக வச்சாச்சு. இனி எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார்.

மூன்று பேருக்கும் ஒரே வேலையிடம். அண்ணன், விழுந்த பெட்டியைத் தேடி எடுத்து வரும் வேனை ஓட்டுகிறவர். தங்கை, வானத்தின் உச்சியில் இருக்கும் காற்றைப் பாட்டிலில் பிடித்து ஆராய்கிறவள். அண்ணனின் மனைவியை அங்கே எல்லோரும் டப்பாக்காரி என்பார்கள்.

கேலியாக வந்த பெயர்தான். பலூனிலிருந்து அறுத்துவிட்ட பெட்டி எங்கே போய் விழும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியவள் நாத்தனார். அதற்கு மற்றவர்கள் எழுதிவைத்த சின்னச் சின்ன நிரல்கள், இருபது முப்பது துணைச் சாமான்கள், வேண்டும். அதில் ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும். ஒரு கம்ப்யூட்டரில் ஓடியது அடுத்ததில் படுத்துக்கொள்ளும். 'என் லேப்டாப்ல வருதே, உங்க லேப்டாப்ல ஏன் வரலை' என்ற ஒரே பாட்டு வருஷம் முழுக்க அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஓடியது. அப்போது வேறொரு இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணி கேட்டுக் கேட்டுப் பொறுக்க மாட்டாமல் ஒருநாள், "எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு மூடித் தரேன். அப்புறம் இந்தப் பாட்டு என் காதுல விழக் கூடாது" என்றாள். கண்டெய்னர் என்று அதற்குப் பெயர். வெளியூருக்குச் சமைக்கப் போகிற கெட்டிக்காரச் சமையல்காரர் அடுப்பு, பாத்திரம், கரண்டி, உப்பு வரைக்கும் தானே கட்டிக்கொண்டு போவார் இல்லையா? போகிற வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கவே மாட்டார். அதே காரியம்தான். டப்பா ஒன்று, உள்ளே போடும் காற்றுத் தகவல் ஒன்று என்றால், எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் விடையும் ஒன்று.

டப்பாவைக் கட்டுவது ஒரு வாரத்து வேலை. காப்பாற்றுவதுதான் பாடு. மாதா மாதம் துணைச் சாமான்களில் ஏதாவது ஒன்று புது வெர்ஷன் என்று வந்து கதவைத் தட்டும். புதுசு என்றதும் வாயைப் பிளந்துகொண்டு உள்ளே விடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. நாற்பது சோதனை ஓட்டி, பழைய விடையும் புது விடையும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனால்தான் விடுவாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி போட்டுக் குறிப்பு. டப்பாவுக்கு வெளியே ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் அவளைக் கண்டாலே, "வெளியே ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் உள்ளேதான் இருக்கு" என்று கையை விரித்துக் காட்டுவார்கள்.

அன்றைக்குப் பறக்கப்போனது விளையாட்டுப் பெட்டி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு பெட்டி ஆறு பாட்டில்களோடு ஏரிக்குள் விழுந்து அடியில் போய்விட்டது. ஓட்டியவர் ஒரு எண்ணை மாற்றித் தட்டியதால் வந்த வினை. அதற்குப் பிறகு ஏழு தடவை வெறும் சோதனைப் பெட்டிகளை விட்டு, ஏழும் சொன்ன இடத்தில் விழுந்த பின்தான் நிலையம் இறங்கி வந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை, இதுவும் தண்ணீரில் போனால் திட்டத்துக்கு மூடுவிழா என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். நாத்தனாரின் நாலு வருஷ உழைப்பு ஒரு பெட்டியில் தொங்கியது. சேம்பிள் பாட்டில்களை அவள் அடுப்பில் சுட்டுச் சுத்தம் செய்த விதத்தைப் பார்த்தால் பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்ட மாட்டார்கள்.

எட்டு மணிக்கெல்லாம் திடலில் இருந்தார்கள். திடல் என்றால் புல் வெட்டிய வெறும் வெளி. ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நீண்ட மேஜை, இரண்டு லேப்டாப், தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி. கொட்டகையின் மூலையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில்தான் டப்பா இருந்தது. நாத்தனாருக்கு அதில் நுழைய ஒரு கணக்கு, டப்பாக்காரிக்குத் தனியாக ஒரு கணக்கு, அதாவது அக்கவுண்ட்.

வெளியே பலூன்காரர் குழாயைத் திறந்துவிட்டு வாயுவை ஏற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு, பருத்த உடம்பு, ஆனால் பலூன் துணியைத் தொடும்போது மட்டும் விரல்கள் பூப்பறிக்கிற மாதிரி மெத்தென்று ஆகிவிடும். கயிற்றை அறுக்கிற பொத்தான் அவர் கழுத்தில் தொங்கும் கருவியில் இருந்தது. அறு என்று சொல்லும் உரிமை நாத்தனாருடையது. அழுத்துகிற கை அவருடையது.

"என்னம்மா, உன் டப்பா என்ன சொல்லுது?"

"டப்பா எப்பவும் உண்மையைத்தான் சொல்லும் சார். கேக்கிறவங்க ஒழுங்கா கேக்கணும்."

"அடேயப்பா! வாய் மட்டும் டப்பாவுக்கு வெளியிலதான் இருக்கு" என்றார். தூரத்தில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கைகொட்டிச் சிரித்தார்.

ஒன்பதரைக்குக் கயிற்றை விட்டார்கள். வெள்ளை பலூன் சத்தமில்லாமல் மேலே எழும்பியது. அதன் கீழே ஆரஞ்சு நிறத்தில் மடித்த பாராசூட், அதற்கும் கீழே பெட்டி. நாத்தனார் தன்னை மறந்து கையை ஆட்டினாள், ரயிலில் ஆளை ஏற்றிவிட்டவள் மாதிரி. டப்பாக்காரியும் பலூனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த முதல் நிமிஷத்துக்குப் பழகவே முடியாது.

திட்டம் எளிது. பலூன் ஏற ஏற, குறித்த உயரங்களில் பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் திறந்து காற்றைப் பிடித்து மூடிக்கொள்ளும். ஐந்தாவது பாட்டில் பத்து ஐம்பத்தைந்துக்கு நிறையும். ஆறாவது, எல்லாவற்றிலும் உயரமானது, பதினொன்று பத்துக்கு. அந்த உயரத்துக் காற்றை யாரும் அங்கே இதுவரை பிடித்ததில்லை. அது நிறைந்ததும் கயிற்றை அறுத்தால், பெட்டி பாராசூட்டில் மிதந்து மேய்ச்சல் வெளியில் இறங்கும். பலூன் போகும் திசையில், மேய்ச்சல் வெளிக்கு அப்பால் ஏரி. வேன்காரர் ஏற்கெனவே வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

பத்தரைக்குக் கடைசி ஓட்டம். பழைய பெட்டி மூழ்கிய பிறகு டப்பாக்காரி கொண்டுவந்த ஏற்பாடு ஒன்று உண்டு. 'ரெண்டு கை' என்பார்கள். எந்த முடிவுக்கும் இரண்டு பேர், இரண்டு கணக்கிலிருந்து, தனித்தனியாக டப்பாவை ஓட்டவேண்டும். ஓடி முடிக்க ஆறு நிமிஷம். முடிந்ததும் இருவரும் விடையை ஒரே சமயத்தில் உரக்கப் படிக்கவேண்டும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் மாதிரி இரண்டு குரலும் சேர்ந்தே வரும். வந்து வந்து அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பலூன்காரர் அந்த நேரத்தில் தேநீர் ஊற்றிக்கொள்வது வழக்கம்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. படி!"

"கரைக்கு முன்னால நாலு கிலோமீட்டர்" என்றாள் நாத்தனார்.

"கரையைத் தாண்டி மூணு கிலோமீட்டர்" என்றாள் டப்பாக்காரி.

பலூன்காரர் கையில் டம்ளர் நிரம்பி வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"எங்கே தாண்டி?"

"ஏரிக்குள்ள. நடு ஏரி."

"அண்ணி, நீங்க பழைய காத்துத் தகவலைப் போட்டிருப்பீங்க."

"பத்தரை மணித் தகவல். உன்னது?"

"அதேதான்."

"டப்பாவோட முத்திரை எண்ணைப் படி. கடைசி ஆறு எழுத்து."

நாத்தனார் படித்தாள். டப்பாக்காரி தன் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். டப்பாவில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆறும் ஒன்றுதான். ஒரே டப்பா, ஒரே காற்று, இரண்டு விடை. இப்படி நடக்கவே முடியாது என்றுதானே மூன்று வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்தாள்!

"இப்ப எதைம்மா நம்பறது?" என்றார் பலூன்காரர்.

"என் கணக்குலேர்ந்து ஓட்டினதுதான் ஏழு தடவையும் சரியா வந்துது சார்" என்றாள் நாத்தனார். குரல் கிறீச்சிட்டது. "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. ஏழு தடவை!"

"நான் ஒண்ணும் நினைக்கலை. என்னோட விடைதான் சரின்னா எத்தனை மணிக்குள்ள அறுக்கணும்னு பார்க்கிறேன், இரு." அதற்குப் புது ஓட்டம் தேவையில்லை. விடையோடு வந்த அட்டவணையிலேயே இருந்தது. அவள் வரியைத் தேடிப் பிடித்தாள். "பத்து அம்பத்தெட்டு. அதுக்கு மேல ஒவ்வொரு நிமிஷமும் தண்ணிதான்."

"பத்து அம்பத்தெட்டுன்னா ஆறாவது பாட்டில்?"

"போச்சு."

நாத்தனார் முகத்தை டப்பாக்காரியால் பார்க்க முடியவில்லை. அந்த ஆறாவது பாட்டிலுக்காக அவள் எத்தனை கடிதம் எழுதினாள், எத்தனை பேர் வாசலில் நின்றாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாப்பிடும்போதும் அதே பேச்சு. முதல் ஐந்தும் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆறாவதுதான் அவள் ஆசை.

மணி பத்து முப்பத்தெட்டு. இருபது நிமிஷம்.

"உன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்து" என்று டப்பாக்காரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உன் கணக்குலேயே டப்பாவைத் திற. ஓட்ட வேண்டாம். ஒவ்வொரு சாமானையும் எங்கேர்ந்து எடுக்கிறேன்னு வரிவரியா சொல்லச் சொல்லு. கமாண்டை நான் சொல்றேன், நீ அடி."

நாத்தனார் அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினாள். டப்பாக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் நிதானமாகச் சொன்னாள். திரையில் வரிகள் கடகடவென்று இறங்கின. எல்லா வரியும் ஒரே மாதிரி: டப்பாவுக்குள், டப்பாவுக்குள், டப்பாவுக்குள். அவள் கண் அவற்றின் மேல் ஓடியது.

"நிறுத்து. மேல போ. இன்னும் ரெண்டு வரி. அங்கே."

ஒரே ஒரு வரி டப்பாவுக்குள் இல்லை. விழுகிற வேகத்தைக் கணக்குப் போடும் ஃபைல். அது வந்த இடம் நாத்தனாரின் சொந்த ஃபோல்டர்.

இந்த வகை டப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டுகிறவருடைய சொந்த ஃபோல்டரைப் பார்க்க ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும். விடைகளை அங்கே எழுதிக்கொள்ள வசதி என்று. ஓட்டும்போது ஒரு சொல்லைச் சேர்த்தால் ஜன்னல் மூடிக்கொள்ளும். டப்பாக்காரிக்கு இது தெரியாத விஷயமா என்ன? நாத்தனாருக்கு விடைகள் தன் ஃபோல்டரிலேயே இருந்தால் சௌகரியம் என்பதால் அவள்தான் மூடாமல் விட்டிருந்தாள். ஜன்னல் வழியாக எழுதலாம் என்றால் எடுக்கவும் செய்யலாம். அங்கே அதே பெயரில் ஒரு ஃபைல் கிடந்தால் டப்பா தன்னுடையதை விட்டுவிட்டு அதைத்தான் எடுத்துக்கொள்ளும். சொந்த உப்பு கட்டிக்கொண்டு வந்த சமையல்காரர் அடுத்தவர் வீட்டு அலமாரியில் கைவிட்டுவிட்டார்.

"அதைத் திறந்து காட்டு."

திறந்தாள். முதல் வரியில் ஒரு குறிப்பு இருந்தது. 'தற்காலிகம். டப்பாவில் சேர்த்ததும் இதை அழிக்கவும்.'

"ஐயோ, நான்தான் எதையோ இங்கே போட்டுத் தொலைச்சிருக்கேன் போல" என்றாள் நாத்தனார். "எப்ப போட்டேன்னே ஞாபகம் இல்லையே. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

டப்பாக்காரிக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு நொடியில், முழுசாக. பதினோரு மாதத்துக்கு முன், அவளுடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் இதே கொட்டகையிலிருந்து போன் செய்தாள், விழுகிற வேகத்தில் ஒரு தப்பு, பலூன் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று. டப்பாவைத் திரும்பக் கட்ட அவளிடம் கம்ப்யூட்டர் இல்லை. "உன் ஃபோல்டர்லேயே போட்டுக்கோ, இன்னிக்கு மட்டும்" என்று சொல்லி, திருத்திய வரிகளைப் போனிலேயே எழுத்தெழுத்தாக ஒப்பித்தாள். அந்தக் குறிப்பும் அவள் சொல்லி எழுதியதுதான். நாலு நாள் கழித்து வந்து அதே திருத்தத்தை டப்பாவுக்குள் சேர்த்தாள். வெளியே கிடந்ததை அழிக்கச் சொல்ல மறந்தாள். வெளியிலும் உள்ளேயும் ஒன்றே என்பதால் விடை மாறவில்லை, யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான், கனமான இந்தப் பெட்டிக்காகப் பெரிய பாராசூட் வந்தது. பெரிய பாராசூட் மெதுவாக இறங்கும், காற்றோடு அதிக தூரம் போகும். அந்தக் கணக்கை டப்பாவுக்குள் வைத்தாள். நாத்தனாரின் ஃபோல்டரிலோ சின்ன பாராசூட்டே கிடந்தது.

ஒத்திகையிலாவது தெரிந்திருக்கலாம். போன வாரம் ஒத்திகைக்கு நாத்தனார் பாட்டில் சுடுகிற வேலையில் இருந்ததால், வீட்டு ஆள்தானே என்று டப்பாக்காரியே இரண்டு தடவையும் தன் கணக்கிலிருந்து ஓட்டிவிட்டாள். ஏற்பாட்டைக் கொண்டுவந்தவளே அதற்கு உலை வைத்தாள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

வாயை மூடிக்கொண்டால் போதும். நாத்தனார் தானே தப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. அந்த எண்ணம் அவளுக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். சுவையாகக்கூட இருந்தது.

"முதல்ல ஜன்னலை மூடிட்டு உன் கணக்குலேர்ந்து ஓட்டு" என்றாள். மணி பத்து நாற்பத்து மூன்று.

ஆறு நிமிஷம் ஓடவேண்டும். மின்விசிறி கடகடத்தது. தகரத்தில் வெயில் ஏறி, கூரை சொடக்குப் போட்டது. பலூன்காரர் கழுத்துக் கருவியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பத்து நாற்பத்தொன்பதுக்கு விடை வந்தது. கரையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர், டப்பாக்காரிக்கு வந்த அதே இலக்கங்கள், கடைசி வரை.

"அப்ப தண்ணிதானா?" என்றார் பலூன்காரர். பிறகு தலையை ஆட்டினார். "இல்லம்மா, எனக்கு மனசு ஒப்பலை. ஏழு தடவை சரியாச் சொன்ன வழியை விட்டுட்டு, இன்னிக்கு ஏதோ ஜன்னலை மூடினதால வேற விடைங்கிறீங்க. மூடினதுதான் தப்போ என்னவோ? ஒரு பாட்டிலைச் சும்மா பலி கொடுக்கச் சொல்றீங்க. எது எப்படி வந்துதுன்னு யாராவது எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க. இல்லேன்னா திட்டப்படி பதினொண்ணு பத்துதான்."

"நான்தான் சார் எதையோ..." என்று ஆரம்பித்தாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு" என்றாள் டப்பாக்காரி. எழுந்து நின்றாள். முகம் சிவந்து, காது சுட்டது. "அவ போடலை சார். நான் போடச் சொன்னேன். அப்பா ஆபரேஷன் அன்னிக்குப் போன்ல ஒவ்வொரு எழுத்தா நான் சொன்னேன், அவ அடிச்சா. அழிக்கச் சொல்ல வேண்டியது நான், மறந்தது நான். அது சின்ன பாராசூட்டோட கணக்கு. ஏழு தடவையும் பறந்தது சின்னது, அதனால ஏழு தடவையும் சரி. இன்னிக்கு மேல போயிருக்கிறது பெரிசு. ஒத்திகையில கண்டுபிடிச்சிருக்கணும், அதையும் நான் ஒருத்தியே ரெண்டு கையா ஓட்டிக் கெடுத்தேன். டப்பாவுக்கு வெளியே ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு உங்க உயிரையெல்லாம் வாங்கினேனே, வெளியே வச்சது நான்தான். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை. இப்பவாவது நம்புங்க!"

பலூன்காரர் மேஜையில் கிடந்த பாராசூட்டின் அளவுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். திரையில் இருந்த ஃபைலைக் குனிந்து பார்த்தார். அதில் இருந்த எண்ணையும் சீட்டில் இருந்த எண்ணையும் வாய்விட்டுப் படித்தார். ஒன்று மற்றதில் பாதிகூட இல்லை.

"சரிதான். யானைக்கும் அடி சறுக்கும்" என்று முனகினார். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார். "உன் பெட்டி. நீதான் சொல்லணும்."

பத்து ஐம்பத்து நாலு. நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். கோபமா, அழுகையா என்று சொல்ல முடியாத பார்வை.

"பதினொரு மாசமா என் ஃபோல்டர்ல கெடந்திருக்கு. நானும்தானே பார்க்கலை" என்றாள் மெதுவாக. "ஆறாவதுக்கு ஆசைப்பட்டா அஞ்சும் போயிடும், அவ்வளவுதானே அண்ணி?"

"அவ்வளவுதான்."

"இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கிற கதைதான்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சாவது மூடிக்கிட்டதும் அறுங்க சார்."

பத்து ஐம்பத்தைந்துக்குத் திரையில் ஐந்தாவது பாட்டிலின் விளக்கு பச்சையானது. மூடி இறுகியதற்கான தகவல் வர இன்னும் ஒன்றரை நிமிஷம். பத்து ஐம்பத்தேழுக்குப் பலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். திரையில் ஏறிக்கொண்டே இருந்த கோடு சட்டென்று கவிழ்ந்து கீழ்நோக்கித் திரும்பியது.

"அறுந்துடுச்சு!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். எதற்குக் கத்துகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

டப்பாக்காரி வேனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, இடம் மாறிடுச்சு. மேய்ச்சல் வெளியில நிக்காதீங்க. கரைப்பக்கம் வாங்க. பழைய படகுத்துறைக்கு வடக்கே."

"அங்கே ஒரே சேறாச்சே! ஏன் மாறிச்சு?"

"என்னால மாறிச்சு. சாயங்காலம் திட்டுங்க, இப்ப வண்டியை எடுங்க."

"சாயங்காலம் வரைக்கும் தள்ளி வைக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே அவர் கியர் போடுகிற சத்தம் கேட்டது.

பெட்டி இறங்க முப்பத்தைந்து நிமிஷம். நாத்தனார் அந்த ஃபைலை அழிக்கப் போனாள். டப்பாக்காரி கையைப் பிடித்துத் தடுத்தாள். "இப்ப வேண்டாம். நடந்ததை எழுதி வச்சுட்டு அழிப்போம்." மாற்றக் குறிப்பில் தேதியும் நேரமும் போட்டு, எதையும் சுற்றி வளைக்காமல் எழுதினாள். தன் பெயரைப் போட்டாள். நாத்தனார் கீபோர்டை இழுத்துத் தன் பெயரையும் சேர்த்தாள். டப்பாக்காரி அதை அழித்தாள். நாத்தனார் மறுபடி சேர்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் அதையும் ரெண்டு தடவை ஓட்டிப் பார்க்கப் போறீங்களா?" என்று பலூன்காரர் சிடுசிடுத்ததும்தான் விட்டார்கள். இரண்டு பெயரும் இருந்தன.

பதினொன்று இருபத்தெட்டுக்குப் போன் கத்தியது. ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"தெரியுது! ஆரஞ்சு! யம்மா, எவ்வளவு பெரிசு!" வேன்காரருக்கு மூச்சு வாங்கியது. "சின்னவளே, உன் பெட்டி ஜம்முனு வருது!"

"எங்கேண்ணா? கரையிலயா?"

"கரைக்கு மேலதான். இரு... கீழ்க்காத்து தள்ளுது. தண்ணிப் பக்கம் போகுது."

நாத்தனார் மேஜை விளிம்பைப் பிடித்தாள்.

"போகுது... போகுது... இல்ல, திரும்புது! நாணல் பக்கம் இறங்குது. அய்யய்யோ, பாராசூட் தண்ணியில விழுது! இழுத்துட்டுப் போயிடும்! இருங்க, இருங்க..."

வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. காலடி ஓசை சேற்றில் சளக் சளக்கென்று போய் மறைந்தது. போன் வண்டி இருக்கையிலேயே கிடந்தது. எஞ்சின் உறுமலும் இண்டிகேட்டர் போட்டுவிட்டுப் போன டிக் டிக் சத்தமும் மட்டும் கொட்டகைக்குள் கேட்டன.

"அண்ணா! அண்ணா!" என்று நாத்தனார் கூப்பிட்டாள்.

"அவர் அங்கே இல்லம்மா" என்றார் பலூன்காரர்.

டிக், டிக், டிக். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நனைந்த பாராசூட் ஒன்று காற்றில் பிடித்துக்கொண்டால் பெட்டியை எவ்வளவு தூரம் இழுக்கும் என்று டப்பாக்காரிக்குத் தெரியும். அதைக் கணக்குப் போடும் நிரல் அவள் டப்பாவில் இல்லை. போட்டுக்கொடுக்க ஆளும் இல்லை. அங்கே இருந்தது அவள் புருஷனும் அவருடைய இரண்டு கையும்தான். அவருக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாத்தனாரின் கை எப்போது வந்து தன் கைக்குள் புகுந்தது என்று அவள் கவனிக்கவில்லை. நாலு நிமிஷம். ஐந்து.

போனில் வண்டிக் கதவு இழுபட்டது. யாரோ தொப்பென்று இருக்கையில் விழுந்தார்கள். மூச்சு, மூச்சு, இன்னும் மூச்சு.

"பூட்ஸ் போச்சு" என்றார் வேன்காரர்.

"என்னங்க!"

"ரெண்டும். சேத்துக்குள்ள. புதுசு."

"பூட்ஸ் நாசமாப் போகட்டும்! பெட்டி எங்கே?"

"பெட்டியா? மடியில இருக்கு."

அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் யார் என்ன கத்தினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பலூன்காரர் மின்விசிறியில் கை அடிபடுகிற உயரத்துக்குக் குதித்தார், அந்த உடம்பை வைத்துக்கொண்டு. தேநீர் ஃபிளாஸ்க் உருண்டு போனது. டப்பாக்காரி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்றது போன். "சின்னவளே, இங்கே ஒரு விஷயம். பெட்டியில லேசா ஈரம்கூட இல்லை. ஆனா விளக்கு அஞ்சுதான் பச்சையா இருக்கு. கடைசியில ஒண்ணு சிவப்பா இருக்கு. நான் ஓடுற ஓட்டத்துல இடிச்சு உடைச்சுட்டேனா?" குரலில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. அண்ணியின் கையை விடாமல் போனுக்கு அருகே குனிந்தாள்.

"நீ ஒண்ணும் உடைக்கலைண்ணா. அது காலி. அதைக் காலியா விட்டுத்தான் மத்த அஞ்சையும் வாங்கியிருக்கோம்."